இரண்டு வரை வரும் கணக்கு: எபிரேய வேதத்தில் திரித்துவத்தைத் தேடியவர்கள்

மோசே தோராவை, அதாவது வேதத்தின் முதல் ஐந்து நூல்களை, எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக எழுதி வந்தவர், ஆறாம் நாளில் "நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக" என்ற இடம் வந்ததும் நின்றுவிடுகிறார். "உலகத்தின் ஆண்டவரே, மாற்றுக் கொள்கைக்காரர்களின் வாய்க்கு நீரே ஏன் அவல் போடுகிறீர்?" என்று கேட்கிறார். "நீ எழுது. தவறிப்போக விரும்புகிறவன் தவறிப்போகட்டும்" என்று பதில் வருகிறது.

ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய யூத விளக்கத் தொகுப்பான 'பெரேஷித் ரப்பா'வில் உள்ள கதை இது. (அவல் மட்டும் என் கைச்சரக்கு; மூலத்தில் வாய் திறக்க இடம் கொடுப்பதாகத்தான் இருக்கிறது.) பாலஸ்தீனத்தில் ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நூல் அது. அதே பகுதியில் ரபி (யூத வேத ஆசிரியர்) சிம்லாய் என்பவரிடம் சிலர் வந்து, "உலகத்தைப் படைத்தவர்கள் எத்தனை கடவுள்கள்?" என்று கேட்கிறார்கள். எங்கெல்லாம் அவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கிறதோ அங்கேயே பக்கத்தில் மறுப்பும் இருக்கிறது என்கிறார் சிம்லாய். "உண்டாக்குவோமாக" என்பதை அடுத்த வசனமே "சிருஷ்டித்தார்" என்று ஒருமை வினையால் முடித்துவிடுகிறதே! கேட்க வந்தவர்கள் போன பிறகு சீடர்கள் விடவில்லை. "அவர்களை ஒரு நாணல் குச்சியால் தள்ளிவிட்டீர்கள், எங்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் நூல்களில், திரித்துவம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்றும் இரண்டு பக்கத்திலிருந்தும் நாணல் குச்சிதான் நீட்டப்படுகிறது. ஒரு தரப்பு பத்து வசனங்களை அடுக்கி "இதோ" என்கிறது. மறுதரப்பு "எல்லாம் நிக்கேயாவில் ரோமப் பேரரசன் செய்த வேலை" என்று கையைக் கழுவிக்கொள்கிறது. அந்த வசனங்களையும், அவற்றை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாக நடந்த சண்டையையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. எபிரேய வேதம் பல இடங்களில் வாசகனை உண்மையாகவே தடுமாற வைக்கிறது. ஆனால் அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய எப்போதும் இரண்டு என்ற எண்ணில்தான் போய் நிற்கிறது. மூன்று வேறு வழியாக வந்தது.

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் அந்த ஒரே கடவுள், ஆனாலும் பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவி அல்ல. இந்த வடிவம் 325-இல் நிக்கேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் வழியே உறுதிப்பட்டது. எபிரேய வேத நூல்களில் மிகப் பிந்தியவற்றுள் ஒன்றாக ஆய்வாளர்கள் கருதும் தானியேல்கூட கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் முடிந்துவிட்டது. நடுவில் ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

எளிதில் உடையும் சான்றுகள்

மேடைகளில் அதிகம் அடிபடும் சான்றுகள்தான் இருப்பதிலேயே பலவீனமானவை. அவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

கடவுளைக் குறிக்கும் 'ஏலோஹிம்' என்ற எபிரேயச் சொல் பன்மை வடிவம் கொண்டது, ஆகவே கடவுளுக்குள் பலர் இருக்கிறார்கள் என்பது முதல் வாதம். அதே சொல்லைப் பெலிஸ்தர் தங்கள் தாகோனுக்கும் சொல்கிறார்கள் (நியாயாதிபதிகள் 16). சீதோனியரின் அஸ்தரோத்துக்கும் மோவாபின் காமோசுக்கும் அதே சொல்தான் (1 இராஜாக்கள் 11). மோசேயைப் பார்வோனுக்கு ஏலோஹிம் ஆக்கியதாக யாத்திராகமம் 7 சொல்கிறது. தாகோனுக்குள் மூவர் இருந்ததாக யாரும் வாதாடுவதில்லை. ஒருவரையே "வந்தார், அமர்ந்தார்" என்று பலர்பாலில் சொல்லிப் பழகிய தமிழ் வாசகருக்கு, உயர்வைக் காட்டப் பன்மை வரும் என்பதை விளக்க வேண்டியதும் இல்லை.

அடுத்தது உபாகமம் 6:4. "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் ஷெமா, யூதர் காலையும் மாலையும் சொல்லும் அறிக்கை. அதில் வரும் 'எகாத்' என்ற 'ஒன்று', கூட்டு ஒருமையைக் குறிக்கிறது என்பார்கள். கணவனும் மனைவியும் "ஒரே மாம்சம்" ஆவதில் அதே சொல்தானே இருக்கிறது என்பார்கள். எசேக்கியேல் 33:24 ஆபிரகாம் ஒருவனாக இருந்தான் என்று சொல்லும்போதும் அதே எகாத்தான். 'ஒன்று' என்றால் ஒன்று. எது ஒன்று என்பதை அடுத்து நிற்கும் சொல்தான் முடிவு செய்யும்.

ஏசாயா 6-இல் சேராபீன்கள் என்ற பரலோகவாசிகள் "பரிசுத்தர்" என்று மூன்று முறை பாடுவது மூவருக்காக என்றால், எரேமியா 7:4-இல் ஜனங்கள் "கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று முறை சொல்வதற்கு எருசலேமில் மூன்று ஆலயங்கள் இருந்திருக்க வேண்டும். எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசாரியரின் ஆசீர்வாதமும் கர்த்தரின் பெயரை மும்முறை சொல்கிறது. அது எவ்வளவு பழையது என்பதற்கு அருமையான சான்று உண்டு. எருசலேமின் ஹின்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய கல்லறைக் குகையில் 1979-இல் கேபிரியேல் பார்க்காய் கண்டெடுத்த இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களில் அந்த ஆசீர்வாதத்தின் வரிகள் இருக்கின்றன. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை. வேத வரிகள் உள்ள எழுத்துகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவையே. அவற்றை அணிந்தவர்கள் தீங்கிலிருந்து காவல் வேண்டித்தான் அணிந்தார்கள்.

ஏசாயா 9:6 வேறு விதமான சிக்கல். பிறக்கப்போகும் பிள்ளைக்கு "வல்லமையுள்ள தேவன், நித்திய பிதா" என்று பெயர். இதைத் திரித்துவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் குமாரனே பிதா என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடுவார்கள். அதைத் திருச்சபை 3-ஆம் நூற்றாண்டிலேயே சபெல்லியுசின் தவறு என்று ஒதுக்கிவிட்டது.

இனி "உண்டாக்குவோமாக". இதற்கு இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் பரலோக அவை. 1 இராஜாக்கள் 22-இல் மிகாயா என்ற தீர்க்கதரிசி, கர்த்தர் சிங்காசனத்தில் வீற்றிருக்க, வானத்துச் சேனை இருபுறமும் நிற்பதைப் பார்க்கிறார். ஆகாப் அரசனை ஏமாற்றப் போவது யார் என்று அங்கே ஆலோசனை நடக்கிறது. யோபு 1-இலும் சங்கீதம் 82-இலும் அதே அவைதான். ஏசாயா 6-இல் "யார் நமது காரியமாய்ப் போவான்" என்ற கேள்வி எழும்போது சேராபீன்கள் சுற்றி நிற்கிறார்கள். யூத உரையாசிரியர் ராஷி 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: படைக்க உதவி தேவைப்படாத கடவுள், பணிவைக் கற்பிப்பதற்காகத் தூதரிடம் கலந்து பேசினார். வியப்பு என்னவென்றால், அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் ஒப்புதலோடு வெளிவரும் நியூ அமெரிக்கன் பைபிளும் இந்த வசனத்தின் அடிக்குறிப்பில் பரலோக அவையைத்தான் சொல்கிறது. ஞாயிறுதோறும் மூவொரு கடவுளை அறிக்கையிடும் சபைக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

உண்மையான சிக்கல் எங்கே

இத்தோடு கதை முடிந்திருந்தால் மோசே எழுத்தை நிறுத்தியிருக்க மாட்டார். சிக்கல் இலக்கணத்தில் இல்லை, கதைகளில் இருக்கிறது.

சாராளிடமிருந்து தப்பி ஓடிய ஆகாரை வனாந்தரத்து நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதன் சந்திக்கிறார். பேசுவது தூதன், ஆனால் "உன் சந்ததியை மிகவும் பெருகப்பண்ணுவேன்" என்று தன்மையில் பேசுகிறார். முடிவில் ஆகார், தன்னோடு பேசிய கர்த்தருக்கு "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பெயரிடுகிறாள். முட்செடியில் மோசேக்குத் தோன்றுவது தூதன். இரண்டு வசனம் தாண்டினால் செடியின் நடுவிலிருந்து கூப்பிடுவது கடவுள். கிதியோனின் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது தூதன். திடீரென "கர்த்தர் அவனை நோக்கிப் பார்த்து" என்று கதை தொடர்கிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலைச் (மொழிபெயர்ப்பை) செய்தவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். அசீரியரின் பாளயத்தை அழிக்கப் போகிறவரை 'தூதன்' என்று விட்டுவிட்டவர்கள், ஆகாருக்கும் மோசேக்கும் தோன்றியவரைத் 'தூதனானவர்' ஆக்கினார்கள்.

இந்தத் தூதனைப் பற்றி யாத்திராகமம் 23:21 சொல்வது இன்னும் கூர்மையானது. அவருக்குக் கீழ்ப்படியுங்கள், அவர் உங்கள் துரோகங்களைப் பொறுப்பதில்லை, "என் நாமம் அவர் உள்ளத்தில் இருக்கிறது". பாவத்தைப் பொறுப்பதும் பொறுக்காமல் விடுவதும் தூதனின் அதிகாரமா? தூதன் என்பவன் ராஜாவின் வாயாகப் பேசுகிற ஆள், அவன் 'நான்' என்று சொன்னால் ராஜாவைத்தான் குறிக்கும் என்று பழங்கால வழக்கத்தைக் காட்டுவோர் உண்டு. ஆகாருக்கு அது பொருந்தும். இந்த வசனத்துக்கு முழுதாகப் பொருந்துகிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாமிடம் வந்த மூவரின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. "கர்த்தர் அவனுக்குத் தரிசனமானார்" என்று ஆதியாகமம் 18 தொடங்குகிறது. அவன் கண்ணை ஏறெடுத்தால் மூன்று புருஷர். இங்கேயாவது மூன்று இருக்கிறதே என்றால், கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடுத்த அதிகாரத்தில் சோதோமுக்கு வந்து சேர்கிறவர்கள் இரண்டு தூதர்கள். மூன்றாமவர் பின்தங்கி ஆபிரகாமோடு பேசுகிறார், அவர் கர்த்தர். அதாவது மூன்று என்ற எண், ஒன்று கூட்டல் இரண்டு தூதர் என்று பிரிந்துவிடுகிறது. ஆனால் 19:24-இல் புதுச் சிக்கல் வருகிறது: கர்த்தர், கர்த்தரிடமிருந்து, வானத்திலிருந்து கந்தகத்தையும் அக்கினியையும் பொழியச் செய்கிறார். பூமியில் ஒரு கர்த்தர், வானத்தில் ஒரு கர்த்தரா? அரசன் தன் பெயரையே படர்க்கையில் சொல்வது போன்ற நடை என்பது ரபிகளின் பதில்.

தானியேல் 7 எல்லாவற்றையும் விடக் கடினம். "சிங்காசனங்கள்" வைக்கப்படுகின்றன, பன்மையில். நீண்ட ஆயுசுள்ளவர் அமர்கிறார். தலைமயிர் பஞ்சைப்போல் வெண்மை. பிறகு மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் மேகங்களோடு வந்து நித்திய ஆளுகையைப் பெறுகிறார். எபிரேய வேதத்தில் மேகத்தில் ஏறி வருவது கடவுளின் செயல். 1929-இல் தொடங்கிய அகழாய்வில் சிரியாவின் ராஸ் ஷம்ராவில், பழைய உகாரித் நகரில், வெளிப்பட்ட களிமண் பலகைகளைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது: நரைத்த தாடியோடு வயதான எல் என்ற தெய்வம், மேகங்களில் ஏறிவரும் பாகால் என்ற தெய்வம். கானானியரின் மிகப் பழைய படிமம் ஒன்று யூதரின் ஒரே கடவுள் நம்பிக்கைக்குள் இடம் மாறி வந்திருக்கிறது. தானியேல் 7-இன் பிற்பகுதி அந்த ஆளுகை உன்னதமானவரின் பரிசுத்தவான்களுக்கு, அதாவது மக்களுக்கு, கொடுக்கப்படுவதாக விளக்குவதும் உண்மைதான். படிமம் மட்டும் விளக்கத்துக்குள் முழுதாக அடங்குவதில்லை.

யூதருக்குள்ளேயே நடந்த வழக்கு

சிங்காசனங்கள் ஏன் பன்மையில் உள்ளன என்று, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதின் ஹகிகா பகுதி விவாதிக்கிறது. ஒன்று அவருக்கு, ஒன்று தாவீதுக்கு என்றார் ரபி அகிபா. தாவீது என்றால் வரப்போகும் மேசியா. ரபிகளில் தலைசிறந்தவர் சொன்ன பதில் இது. கலிலேயாவின் யோசே கொதித்துப்போனார்: "அகிபா, எவ்வளவு காலம்தான் தெய்வப் பிரசன்னத்தைச் சாதாரணமாக்குவாய்?" ஒன்று நீதிக்கு, ஒன்று இரக்கத்துக்கு என்று அவர் திருத்தினார். எலெயாசர் பென் அசரியா வந்து, அகிபா, இந்த மாதிரிக் கதை விளக்கமெல்லாம் உனக்கு எதற்கு, தீட்டுச் சட்டங்களைப் போய்ப் பார், ஒன்று உட்கார, மற்றது கால் வைக்க என்று முடித்தார்.

அதே ஹகிகாவில் எலிஷா பென் அபூயா என்ற ரபி பரலோகத்துக்குள் நுழைந்து, மெத்தத்ரோன் என்ற பெருந்தூதன் உட்கார்ந்து இஸ்ரவேலின் புண்ணியங்களை எழுதுவதைப் பார்க்கிறார். பரலோகத்தில் உட்காரும் உரிமை வேறு யாருக்கும் இல்லை என்று படித்தவர் அவர். "ஒருவேளை இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றனவோ?" என்று எண்ணியவுடன் மெத்தத்ரோனை வெளியே இழுத்து நெருப்புச் சாட்டையால் அறுபது அடி கொடுக்கிறார்கள். எழுந்து நிற்கவில்லை என்பது குற்றம். எலிஷாவோ மதத்தையே விட்டு விலகி 'வேறானவன்' ஆகிவிடுகிறார்.

தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் ஒரு மாற்றுக் கொள்கைக்காரன் ரவ் இதித் என்பவரை மடக்கப் பார்க்கிறான். யாத்திராகமம் 24:1-இல் கடவுள் மோசேயிடம் "கர்த்தரிடத்தில் ஏறி வா" என்கிறாரே, "என்னிடத்தில்" என்றல்லவா இருக்க வேண்டும்? இதித் சொல்கிறார்: அது மெத்தத்ரோன், எஜமானின் பெயர்தான் அவனுக்கும், "என் நாமம் அவர் உள்ளத்தில்" என்று எழுதியிருக்கிறதே. "அப்படியானால் அவனையும் வணங்கலாமே?" "அவனை என்னோடு மாற்றிக்கொள்ளாதே என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நாங்கள் அவனை வழிகாட்டியாகக்கூட ஏற்கவில்லை."

கேள்வி கேட்டவன் கிறிஸ்தவனா, வேறு பிரிவினனா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது இதித் விட்டுக்கொடுத்த இடம். கடவுளின் பெயரைத் தாங்கிய இரண்டாமவர் ஒருவர் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அவரை வணங்கக் கூடாது என்பதுதான் எல்லைக்கோடு. 'பரலோகத்தில் இரண்டு அதிகாரங்கள்' என்று ரபிகள் கண்டித்த இந்தக் கருத்தை 1977-இல் ஆலன் சீகல் தனி நூலாக ஆராய்ந்தார். கிறிஸ்தவம் பிரிந்து போவதற்கு முன்பே இது யூதருக்குள் உலவிய சிந்தனை என்று அவருக்குப் பின் டேனியல் போயாரின் போன்றோர் வலியுறுத்தினார்கள். சாக்கடல் அருகே கிடைத்த கும்ரான் குகைச் சுருள் ஒன்று சங்கீதம் 82-இன் 'ஏலோஹிம்' என்ற சொல்லை, ஆபிரகாமை ஆசீர்வதித்த மெல்கிசேதேக்குக்குப் பொருத்துகிறது. இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோ என்ற யூதத் தத்துவவாதி, கடவுளின் வார்த்தையை 'இரண்டாம் கடவுள்' என்று ஓரிடத்தில் எழுதினார். இதே ஃபிலோ மம்ரேயின் மூவரைக் கடவுளாகவும் அவருடைய படைக்கும் ஆற்றல், ஆளும் ஆற்றல் என்ற இரண்டாகவும் வாசித்தார். மனம் தெளிந்தால் ஒருவராகவும் தெளியாதபோது மூவராகவும் தெரிகிறார் என்றார். திருச்சபைத் தந்தையர் (தொடக்ககாலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள்) இதைப் படித்து எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரபிகள் கண்டித்த கருத்தின் பெயரிலேயே எண் இருக்கிறது. இரண்டு அதிகாரங்கள்.

ஒரே வசனம், எதிரெதிர் அணிகள்

கிறிஸ்தவர் பக்கம் வருவோம். ஏறக்குறைய 160-இல் ஜஸ்டின் மார்ட்டிர், திரிஃபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக எழுதிய நூலில், மம்ரேக்கு வந்த மூவரில் ஒருவர் கிறிஸ்து, மற்ற இருவர் தூதர்கள் என்று வாதாடுகிறார். முட்செடியில் பேசியதும் அவரே, யாக்கோபோடு போராடியதும் அவரே. படைத்தவருக்குக் கீழே 'வேறொரு கடவுளும் ஆண்டவரும்' உண்டு என்பது ஜஸ்டினின் சொற்கள். யூதரை நோக்கிப் பேசும்போது இந்த வாதம் பலமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் மேலான பிதா பூமிக்கு இறங்கி வந்து ஆபிரகாமோடு கன்றுக்குட்டி சாப்பிட்டிருக்க முடியாது, ஆகவே சாப்பிட்டவர் குமாரன்.

இந்த 'ஆகவே' 4-ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து கடித்தது. பிதா காணப்படாதவர், குமாரன் காணப்படுகிறவர் என்றால் இருவரும் ஒரே தன்மையினர் எப்படி ஆவார்கள் என்று, குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற அரியுஸ் அணியினர் கேட்டார்கள். 351-இல் சிர்மியத்தில், இன்றைய செர்பியாவில், கூடிய சங்கம் நிக்கேயாவின் 'ஒரே தன்மை' என்ற சொல்லைத் தவிர்த்த ஆயர்களின் சங்கம். "உண்டாக்குவோமாக" என்று பிதா குமாரனிடம் சொல்லவில்லை என்பவன் சபிக்கப்பட்டவன், ஆபிரகாம் கண்டது குமாரனை அல்ல என்பவன் சபிக்கப்பட்டவன், கர்த்தர் கர்த்தரிடமிருந்து பொழிந்ததைப் பிதாவுக்கும் குமாரனுக்கும் பொருத்தாதவன் சபிக்கப்பட்டவன் என்று அது வரிசையாகச் சாபம் போட்டது. இன்று திரித்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் வசனங்களை நிக்கேயாவுக்கு உடன்படாதவர்கள்தான் அன்று சாபத்தால் வேலி கட்டிக் காத்தார்கள்! பத்து வசனப் பட்டியலோடு வருகிறவர்கள் இந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீதிமொழிகள் 8-இலும் இதே கதை. படைப்புக்கு முன்பே தான் கடவுளோடு இருந்ததாக ஞானம் பேசுகிறது. அந்த ஞானம் கிறிஸ்து என்பதில் அரியுசுக்கும், நிக்கேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியுசுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கிரேக்க வேதத்தின் 22-ஆம் வசனம் கர்த்தர் என்னைப் படைத்தார் என்றிருந்ததால், பார்த்தீர்களா, குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் அரியுஸ். அத்தனாசியுஸ் அந்த ஒரு வசனத்தோடு பக்கம் பக்கமாக மல்லுக்கட்டி, அது குமாரனின் மனித நிலையைப் பற்றியது என்று நிலைநாட்டப் பார்த்தார். இன்று படிக்கும்போது மூச்சு வாங்குகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அகுஸ்தீன். திரித்துவம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில் அவர் ஒவ்வொரு தரிசனமாக எடுத்து, இது குமாரன் மட்டும்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மம்ரேயில் மூவரில் ஒருவர் உயர்ந்தவர் என்று எங்கும் இல்லையே, மூவரின் சமத்துவம் ஏன் அங்கே குறிப்பால் காட்டப்பட்டிருக்கக் கூடாது? கடவுளின் இயல்பு யார் கண்ணுக்கும் தெரியாது. கண்டதெல்லாம் தூதர் வழியாகவும் படைப்புப் பொருள் வழியாகவும் கிடைத்த அடையாளங்கள். அரியுஸ் அணியின் ஆயுதம் இப்படிப் பிடுங்கப்பட்டது. அதற்குக் கொடுத்த விலை, ஜஸ்டினின் பழைய வாதமும் கூடவே போனது. ஓவியர்கள் இதைத் தொடர்ந்தார்கள். ரோமின் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தின் 5-ஆம் நூற்றாண்டுக் கல்லோவியத்தில் நடுவில் உள்ளவரின் உடல் முழுவதையும் மட்டும் ஓர் ஒளிவட்டம் சூழ்ந்திருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திரேய் ரூப்லேவ் வரைந்த படத்தில் மூவரும் சமம்; ஆபிரகாமும் சாராளும் படத்திலேயே இல்லை.

மூன்றாமவர்

பரிசுத்த ஆவியைப் பற்றி எபிரேய வேதம் அதிகம் பேசுகிறது, ஆனால் தனி ஆளாக அரிதாகவே காட்டுகிறது. 'ரூவாக்' காற்று, மூச்சு, ஆவி எல்லாமாக இருக்கிறது. சிம்சோன் மேல் பலமாக இறங்குகிறது, சவுலை விட்டு நீங்குகிறது. 'பரிசுத்த ஆவி' என்ற தொடர் சங்கீதம் 51-இலும் ஏசாயா 63-இலும் மட்டுமே வருகிறது. ஏசாயா 63-இல் ஜனங்கள் அவரை விசனப்படுத்தினார்கள் என்று உள்ளது. ஆள்தன்மைக்கு மிக அருகில் வரும் இடம் அதுவே.

மூன்றை எபிரேய வேதத்திலிருந்து எடுத்த முதல் கிறிஸ்தவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடவுளைக் குறித்து மூன்று என்ற கிரேக்கச் சொல்லை எழுத்தில் முதலில் பயன்படுத்தியவராக நாம் அறிவது அந்தியோகியாவின் ஆயர் தெயோஃபிலுஸ், ஏறக்குறைய 180-இல். ஆதியாகமத்தில் சூரியனும் சந்திரனும் உண்டாவதற்கு முந்திய மூன்று நாட்களும் அந்த மூன்றின் அடையாளம் என்கிறார். எந்த மூன்று? கடவுள், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம். பிதா, குமாரன், ஆவி என்ற வரிசை அந்த இடத்தில் இல்லை. அதே காலத்தில் லியோனில் இருந்த இரேனேயுஸ், ஞானம் என்பது ஆவி என்றார். குமாரனும் ஆவியும் கடவுளின் இரு கைகள், "உண்டாக்குவோமாக" என்பது அந்தக் கைகளிடம் சொன்னது. அத்தனாசியுசுக்கோ ஞானம் குமாரன். வசனம் நின்ற இடத்தில் நிற்க, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது.

மூன்று என்ற எண்ணைக் கொடுத்தது வழிபாடு. மத்தேயு 28:19-இன்படி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இயேசுவை நோக்கி ஜெபித்தார்கள், ஷெமாவையும் விடவில்லை. இதித் போட்ட எல்லைக்கோட்டை அவர்கள் தாண்டியிருந்தார்கள், ஆனால் கடவுள் ஒருவரே என்பதில் அவருக்குக் குறையாத பிடிவாதம் இருந்தது. இந்த மூன்று பழக்கங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பழைய நூலுக்குத் திரும்பியவர்களின் கண்ணில் ஆகாரின் தூதனும் தானியேலின் மேகமும் புதிதாகப் பட்டன.

தந்தையரில் இதை ஒளிக்காமல் சொன்னவர் நசியான்சு கிரெகோரி. 380-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆவியின் தெய்வத்தன்மையை ஆதரித்து ஆற்றிய சொற்பொழிவில், இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னதன் சாரம்: பழைய ஏற்பாடு பிதாவை வெளிப்படையாகவும் குமாரனை மங்கலாகவும் அறிவித்தது, புதிய ஏற்பாடு குமாரனை வெளிப்படுத்தி ஆவியைக் கோடிகாட்டியது, இப்போது ஆவியானவர் நம்மிடையே தங்கித் தம்மைத் தெளிவாகக் காட்டுகிறார். மோசேயின் நூலில் மூன்றும் இல்லை என்பதைக் குறையாகக்கூட அவர் கருதவில்லை.

பிற்காலத்தில் அந்த நிதானம் தேய்ந்தது. 1263-இல் பார்சலோனாவில் அரசர் முதலாம் ஹாயிமேயின் முன்னிலையில் நாக்மனிதேஸ் என்ற ரபியும், யூத மதத்திலிருந்து மாறிய பாப்லோ கிறிஸ்தியானியும் மோதினார்கள். வழக்கு மேசியாவைப் பற்றியது. அடுத்த ஓய்வுநாளில் அரசரும் துறவியரும் யூதரின் தொழுகைக் கூடத்துக்கே வந்து திரித்துவத்தைப் பற்றிப் பிரசங்கித்தார்கள். ஞானம், சித்தம், வல்லமை என்ற மூன்று என்று சொல்லப்பட்டது. திராட்சரசத்தில் நிறம், சுவை, மணம் மூன்றும் ஒன்றாக இல்லையா என்று அரசரும் சேர்ந்துகொண்டார். பண்புகளை எண்ணுவதானால் கடவுள் உயிருள்ளவர் என்பதையும் சேர்க்க வேண்டும், நான்கும் ஐந்தும் ஆகிவிடும் என்றார் நாக்மனிதேஸ். இதெல்லாம் அவர் தாமே எழுதிவைத்த குறிப்பு, ஆகவே வெற்றி அவர் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கலாம். ஆனாலும் அவர் சுட்டியது சரி. மூன்று பண்புகள் என்பது திருச்சபையின் கோட்பாடே அல்ல.

கிரெகோரியின் நிதானம் வேறொருவரிடம் எதிர்பாராத வகையில் திரும்பியது. திரித்துவத்தை மறுத்த மிகுவேல் செர்வெத்துஸ் 1553-இல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டதில் பெரும்பங்கு வகித்தவர் ஜான் கால்வின். அடுத்த ஆண்டு வெளிவந்த ஆதியாகம உரையின் முதல் வசனத்திலேயே அவர் ஏலோஹிம் வாதத்தைத் தள்ளிவிடுகிறார். "உண்டாக்குவோமாக" என்பதில் கடவுளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களைக் காணத் தயங்காதவர், கர்த்தர் கர்த்தரிடமிருந்து பொழிந்ததை மட்டும் உறுதியற்ற சான்று என்று விலக்குகிறார். 1593-இல் ஏகிதியுஸ் ஹுன்னியுஸ் என்ற லூத்தரன் இறையியலர் 'யூதனாகும் கால்வின்' என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். திருச்சபை காலங்காலமாகக் காட்டிவந்த வசனங்களையெல்லாம் கால்வின் யூதருக்கும் அரியுஸ் கூட்டத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து டேவிட் பரேயுஸ் 'சத்தியம் தவறாத கால்வின்' என்று பதில் நூல் எழுதினார்.

ஏலோஹிமைத் தள்ள கால்வின் சொன்ன காரணம் ஹுன்னியுசின் கோபத்தை விடச் சுவையானது. முதல் வசனத்தின் ஏலோஹிம் மூவரையும் குறிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் வசனத்தில் ஏலோஹிமின் ஆவி ஜலத்தின்மேல் அசைவாடுகிறதே, அது மூவரின் ஆவியா? அப்படியானால் ஆவியும் தனக்கே ஆவியாகிவிடும். அரியுசை அடிக்கப் போய் சபெல்லியுசின் மடியில் விழுவதுதான் மிஞ்சும் என்றார்.